பத்திரமாக வைத்திருந்தேன்

விமான நிலையச் சோதனையில் பொருளைத் தொலைப்பவர்களில் பாதிப் பேர் அவசரக்காரர்கள், மீதிப் பேர் கூச்சக்காரர்கள். பின்னால் வரிசை நெருக்குகிறதே என்று கடிகாரம், சங்கிலி, பர்ஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தட்டில் கொட்டிவிட்டு நடந்துவிடுவார்கள். அப்படிச் செய்யக் கூடாது. சின்னப் பொருள் எதுவானாலும் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட வேண்டும். பை இயந்திரத்துக்குள் போவதைப் பார்த்த பிறகுதான் நாம் நகர வேண்டும். பெண்களுக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. அவர்களைத் திரை போட்ட கூண்டுக்குள் ஒவ்வொருவராகத்தான் சோதிப்பார்கள். அந்த வரிசை மெதுவாக நகரும். பொருளோ அவர்களுக்கு முன்பே அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து, கேட்பாரற்றுக் கிடக்கும்.

செஞ்சியிலிருந்து வெளிநாடு போன ஐம்பது அறுபது பேருக்காவது இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், மேடம். அதற்காக யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. நீங்கள் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிது. உங்களுக்கு முன்னால் இருந்தவரின் மைத்துனருக்குக்கூடச் சொல்லி அனுப்பினேன். திருவண்ணாமலை ரோட்டில் டிக்கெட் புக்கிங், ஜெராக்ஸ் என்று போர்டு போட்டிருக்கும் கடை என்னுடையதுதான். ஆனந்தராஜ் என்றால் சிலருக்குத் தெரியாது. குவைத் ஆனந்தராஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

என் அப்பா தாண்டவராயனுக்குச் சிங்கவரத்தில் நிலம். நெல்லும் மல்லாட்டையும் போடுவார்; வேர்க்கடலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம். எனக்கு விவசாயம் ஒத்துவரவில்லை. பதினாறு வருடம் குவைத்தில் ஒரு சாப்பாட்டுக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். என் பொறுப்பில் இருந்த ஸ்டோரில் ஒரு கிலோ சர்க்கரை குறைந்ததில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் ஊருக்கு வந்தபோது, கம்பெனியில் எனக்குப் பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரத்தைச் சோதனைத் தட்டில் வைத்தேன். அந்தப் பக்கம் போனால் தட்டு காலி. நான் யாரையும் குறை சொல்லவில்லை. என் தவறு. அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தில் கவனமானேன்.

கலைச்செல்வியைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் சிங்கவரம் காலனிப் பெண். அவள் அம்மா எங்கள் நிலத்தில் களை எடுத்தவள். அவள் புருஷன் இளையபெருமாள் கொத்தனார். ஒரே பெண் குழந்தை, நிலா. குழந்தைக்கு ஐந்து வயதாக இருக்கும்போது கலைச்செல்வி வீட்டு வேலைக்குக் குவைத் வந்தாள். ஆறு வருடம் ஊருக்கே போகவில்லை. நான் வெள்ளிக்கிழமைகளில் போன் செய்து விசாரிப்பேன். ஊர்க்காரப் பெண் என்பதால் செய்தேன். எங்கள் வீட்டில் சாதி பார்ப்பது என் அப்பாவோடு முடிந்துவிட்டது. காலனியிலிருந்து யார் வந்தாலும் நான் நாற்காலி போடச் சொல்வேன்.

இரண்டாயிரத்துப் பதினைந்து ஜூலையில் நான் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பக் கிளம்பினேன். அவளும் அப்போதுதான் கிளம்புகிறாள் என்று இளையபெருமாள் போன் செய்தான்.

"ஆனந்தண்ணா, அவளுக்கு இந்தி இங்கிலீஷ் ஒன்னும் தெரியாது. நடுவுல பிளேன் மாறணும்ன்றாங்க. கையில கொஞ்சம் நகை வேற எடுத்தாரா. நீங்க கூட வந்தீங்கன்னா எனக்கு டென்சன் இல்ல."

அவளுக்கும் என்னோடு ஒரே விமானத்தில் டிக்கெட் போட்டேன். அவள் வேலை செய்த வீட்டு டிரைவர் அவளை விமான நிலையத்தில் இறக்கிவிட்டுப் போனார். விமானத்தில் உட்கார்ந்ததும் இடுப்பைத் தொட்டுக் காட்டினாள். குவைத் சோதனை முடிந்ததும் துணிப்பையில் போட்டுப் பாவாடைக்குள் கட்டிக்கொண்டாளாம். ஐந்து பவுன், நாற்பது கிராம்.

"எல்லாம் என் பொண்ணுக்குத்தாண்ணா. எனக்குன்னு ஒரு மூக்குத்தி கூட வாங்கல."

"அங்க செக்கிங்ல ஜாக்கிரதையா இரு" என்றேன். எப்படி என்று சொல்லிக் கொடுத்தேன். தலையை ஆட்டினாள். பாதிதான் காதில் விழுந்திருக்கும். ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மும்பையில் இறங்கினோம், சுங்கம் எல்லாம் சரியாக முடிந்தது. அடுத்து சென்னை விமானத்துக்குச் சோதனை. நான் ஆண்கள் வரிசையில் சீக்கிரம் அந்தப் பக்கம் போய்விட்டேன். அவள் கூண்டுக்குள் போனதும், இடுப்பில் இருந்த பை சத்தம் கொடுத்திருக்கிறது. அதை இயந்திரத்தில் போட்டுவிட்டு வா என்று பெண் காவலர் திருப்பி அனுப்பிவிட்டார். பையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் என்னைத் தேடினாள். நான் அந்தப் பக்கத்திலிருந்து சைகை காட்டினேன். கைப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடு என்பதைச் சைகையில் சொல்ல முடியாது. அதனால் தட்டில் வை என்று காட்டினேன். அவள் வைத்தாள். மறுபடியும் பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

தட்டு வெளியே வந்தது. அவள் செருப்பு, கைப்பை, மேலே அந்தத் துணிப்பை. சிவப்புப் பூப்போட்ட துணி. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு நிமிடம் பார்த்தேன். பிறகு எடுத்து என் சட்டையின் உள்பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தை நீங்கள் சரியாக எழுதிக்கொள்ள வேண்டும். திருடும் எண்ணம் எனக்கு இல்லை. நான் எடுக்காவிட்டால் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். வெளியே வந்ததும் ஐந்து நிமிடம் தேடட்டும், பிறகு கொடுக்கலாம் என்று நினைத்தேன். அத்தனை சொல்லியும் கேட்காதவளுக்கு அப்போதுதான் புத்தி வரும். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

அவள் வந்து தட்டைப் பார்த்தாள். செருப்பை எடுத்து உதறிப் பார்த்தாள். கைப்பையைத் தரையில் கவிழ்த்தாள். பிறகு மண்டியிட்டு, அந்த உருளைகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். பயணிகள் கூடிவிட்டார்கள். ஒரு காவலர் வந்தார். நான் கொடுக்க நினைத்த ஐந்து நிமிடம் அதற்குள் முடிந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் என் பாக்கெட்டிலிருந்து எடுத்தால், விளையாட்டுக்கு வைத்திருந்தேன் என்று யார் நம்புவார்கள்? என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தாலும் யோசித்திருப்பீர்கள்.

காவலர் சின்ன வயதுக்காரர். மரியாதையானவர். என்னிடம் இந்தியில் சொன்னார். இந்த அம்மாவை அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள், கேமராவில் பார்த்துவிடலாம், விமானம் போய்விட்டால் அடுத்ததில் அனுப்ப நாங்களே பேசுகிறோம் என்றார்.

"இன்னாண்ணா சொல்றாரு?" என்று கேட்டாள்.

"கேமரா அந்தப் பக்கம் திரும்பியிருக்குதாம். கேஸ் எழுதுனா ரெண்டு மூணு நாளு இங்கயே இருக்கணுமாம்" என்றேன்.

"ரெண்டு நாளா? எம் பொண்ணு அங்க நின்னுகினு இருக்கும்ண்ணா."

காவலரிடம், அவளுக்கே சரியாக நினைவில்லை, குவைத்தில் வைத்துவிட்டு வந்திருக்கலாம், புகார் வேண்டாம் என்கிறாள் என்று சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

சென்னையிலிருந்து டாக்சியில் வந்தோம். அவள் முன்சீட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். செங்கல்பட்டு தாண்டியது. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அவுங்க வூட்டு கெழவிக்கு மூணு வருஷம் பீத்துணி மாத்தனேண்ணா. அந்தக் கெழவி செத்தப்ப குடுத்த காசுலதான் அந்த வளையல வாங்கனேன்."

திண்டிவனத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். அங்கே கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். கடையில் கூட்டமாக இருந்தது. டாக்சி டிரைவரும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். அவளுக்கு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தேன். பன்னை அவள் சாப்பிடவில்லை, குழந்தைக்கென்று பையில் வைத்துக்கொண்டாள்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இளையபெருமாள் குழந்தையோடு நின்றிருந்தான். ஆறு வருடத்தில் நிலாவுக்கு அம்மா முகம் மறந்துவிட்டது போல. அப்பன் பின்னால் ஒளிந்துகொண்டாள். கலைச்செல்வி அவன் முன்னால் நின்று, "எல்லாம் போச்சுய்யா" என்றாள். நடந்ததை நான் சொன்னேன்.

"போனா போவுது, வுடு. நீ உசுரோட வந்துட்டியே. நகை இன்னா நகை" என்றான்.

நல்ல மனிதன். அதை நான் கோர்ட்டிலும் சொன்னேன்.

வீட்டுக்குப் போய் அந்தப் பையைப் பீரோ லாக்கரில் வைத்துப் பூட்டினேன். அவிழ்த்துப் பார்க்கவில்லை. என் மனைவி ஷோபனாவிடம் சொல்லவில்லை. பீரோ சாவி எப்போதும் என்னிடம்தான் இருக்கும். ஒரு வாரம் போகட்டும், சட்டைப்பையிலோ பெட்டியிலோ தவறிக் கிடந்தது என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன். அதற்குள் அவளே வந்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலை. கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, ஒன்னு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளு."

"அந்த வரிசையில நிக்கறப்ப கூண்டுத் திரை கொஞ்சம் வெலகி இருந்துச்சு. உங்க கை எந் தட்டு மேல இருந்த மாதிரி பாத்தேன்." அவள் குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டாள். உள்ளே ஷோபனா மிக்சி போட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க எடுத்து வச்சிருந்தீங்கன்னா குடுத்துடுங்கண்ணா. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். எவ்வளவோ செஞ்சிருக்கீங்க எங்களுக்கு. ஏதோ நேரம், எடுத்துட்டீங்க. எங்க வூட்டுக்காரருக்குக் கூட சொல்ல மாட்டேன். எம் புள்ள மேல சத்தியம்."

மேடம், அவள் திட்டியிருந்தால் நான் கொடுத்திருப்பேன். போலீசுக்குப் போவேன் என்று சொல்லியிருந்தால்கூடக் கொடுத்திருப்பேன். அவள் என்னை மன்னித்துவிட்டேன் என்றாள். அவள் அம்மா என் அப்பா முன்னால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவள். இவள் என் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திருடனாக்கி, உடனே மன்னித்தும் விடுகிறாள். அன்றைக்கு நான் நாற்காலி போடச் சொல்லவில்லை.

"உனக்கு மனசு சரியில்ல. போய் ரெஸ்ட் எடு" என்றேன்.

"சரிண்ணா. நாளைக்கு வரட்டுமா?" என்றாள்.

நாளைக்கு வருவாள். அதற்கு மறுநாளும் வருவாள். தாழ்ந்த குரலில் மன்னித்துக்கொண்டே இருப்பாள். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் இளையபெருமாளை டீக்கடையில் பார்த்தேன். அவனைத் தேடிப் போனேன் என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் அவன் அங்கேதான் இருப்பான் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆள் இளைத்திருந்தான். ஆறு வருடம் சம்பாதித்தவள் வெறுங்கையோடு வந்தாளா என்று ஊரில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன்தான் பேச்சை எடுத்தான்.

"அண்ணா, நீங்க அங்கேர்ந்து கூடவே வந்தீங்க. அவ கையில நகைன்னு ஒன்னு இருந்துச்சா, இல்லியா?"

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"நான் கண்ணால பாக்கல, இளையபெருமாள்."

"அப்ப இன்னாதாண்ணா ஆச்சு? ஆறு வருஷக் காசு எங்க போச்சு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவ வேலை செஞ்ச வூட்டு டிரைவர் ஒருத்தர் கார்ல வந்து ஏர்போர்ட்ல வுட்டுட்டுப் போனாரு. அது ஒன்னுதான் எனக்குத் தெரியும். மத்தத நான் சொன்னா நல்லா இருக்காது. வுட்டுடு."

இதில் எந்த வார்த்தை பொய் என்று நீங்கள் சொல்லுங்கள். பை கட்டியபடியே இருந்தது. உள்ளே இருந்ததை அதுவரை நான் பார்க்கவில்லை. டிரைவர் வந்ததும் உண்மை. அந்த டிரைவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முன்பற்கள் கிடையாது. கலைச்செல்வி அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். இளையபெருமாள் வயதைக் கேட்கவில்லை. அதனால் நான் சொல்லவில்லை.

அவன் என் கையில் இருந்த காலி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு எழுந்து போனான். டீக்கு அவனே காசு கொடுத்தான்.

மறுநாள் அவள் வரவில்லை. புதன்கிழமை காலை மல்லாட்டைக் கொல்லையில் அவள் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அவன் மண்வெட்டியோடு போயிருக்கிறான். மற்ற பெண்கள் அடுத்த பாத்தியில் இருந்தார்கள். "எவன்டி அந்த டிரைவர்" என்று ஒரு தடவைதான் கேட்டானாம். அவள் நிமிர்ந்து, "எந்த டிரைவரு?" என்று கேட்டாளாம். ஒரே அடி. பிறகு அவனே பஸ் ஏறி இந்த ஸ்டேஷனுக்கு வந்து, இதோ இந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான் என்று சொன்னார்கள்.

எனக்குச் செய்தி வந்ததும் முதலில் குழந்தையைத்தான் நினைத்தேன். அவள் ஆறாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். யாராவது வாய் தவறிச் சொல்லிவிடக் கூடாதே என்ற கவலை. வழியில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

"அம்மாவுக்கு இன்னா ஆச்சு மாமா?" என்று கேட்டாள். அதுவரை என்னை யாரும் மாமா என்று கூப்பிட்டதில்லை. எங்களுக்குக் குழந்தை கிடையாது.

"உடம்பு சரியில்லம்மா" என்றேன்.

வழக்கு நடந்தது. என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். பயணத்தின்போது இறந்துபோனவரிடம் நகை எதையும் பார்த்தீர்களா என்று வக்கீல் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். இளையபெருமாள் கூண்டிலிருந்து என்னைப் பார்த்துக் கைகூப்பினான். அவனுக்கு ஆயுள் தண்டனை. கடலூர் ஜெயில்.

அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்கு நான் செய்ததை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். நிலா அவள் பெரியம்மா நாகம்மாள் வீட்டில் வளர்ந்தாள். படிப்புச் செலவு முழுக்க நான். சைக்கிள், டியூஷன், பிறகு நர்சிங் காலேஜ், ஹாஸ்டல். அவளுடைய படிவங்களில் காப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்துதான் இருக்கும். பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியபோது காலனிக்காரர்கள் அவள் படத்தோடு என் படத்தையும் போட்டு பிளக்ஸ் வைத்தார்கள். நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு வருவாள். ஷோபனாவோடு சேர்ந்து சமைப்பாள். ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் என்னை, அப்பனைக் கூப்பிடுகிற மாதிரி நைனா என்று கூப்பிட்டுவிட்டு, உடனே மாற்றிக்கொண்டாள். நான் காதில் விழாதது போல இருந்தேன்.

அவள் அப்பனைப் பார்க்க ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று ஒன்பதாவது படிக்கும்போது கேட்டாள். வேண்டாம், மனசு கலைந்துவிடும், படிப்பு கெடும் என்றேன். கேட்டுக்கொண்டாள். அவன் கடிதம் எழுதுவான். காலனி விலாசத்தில் சரியாக வந்து சேராது என்று என் கடை விலாசத்தைக் கொடுத்திருந்தேன். அந்தக் கடிதங்களை நீங்கள் பீரோவில் எடுத்தீர்கள் அல்லவா? ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிறர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவள் படித்து முடித்து, ஒரு நிலைக்கு வந்த பிறகு கொடுக்கலாம் என்று தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தேன். போன வருடம் அவன் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். அப்போது அவளுக்குப் பரீட்சை. பரீட்சை முடிந்து நான்கு நாள் கழித்துத்தான் சொன்னேன்.

இந்த மாதம் அவளுக்கு வெளிநாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. டிக்கெட்டை நானே போட்டேன். நேரடி விமானம், நடுவில் மாற வேண்டியதில்லை. ஷோபனாவுக்கு பிரஷர், அதனால் அவள் வரவில்லை. நானும் நிலாவும் மட்டும் டாக்சியில் சென்னைக்குப் போனோம். வழி நெடுக அவளுக்குச் சோதனையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். அவள் அம்மா மாதிரி இல்லை, கவனமான பெண்.

புறப்பாட்டு வாசலுக்கு வெளியே, தள்ளுவண்டி பக்கத்தில் நிறுத்தி, ஒரு வெல்வெட் பெட்டியைக் கொடுத்தேன். பழைய துணி கசங்கிப் போயிருந்ததால் புதுப் பெட்டி வாங்கியிருந்தேன். அந்தப் பையை முதல் நாள்தான் அவிழ்த்தேன். ஒரு சங்கிலி, இரண்டு வளையல், ஒரு ஜோடித் தோடு.

"உன் கல்யாணத்துக்குன்னு நானும் அத்தையும் சேத்து வச்சது" என்றேன்.

அவள் பெட்டியைத் திறந்தாள். சங்கிலியைப் பார்க்கவில்லை, வளையலையும் பார்க்கவில்லை. தோட்டை மட்டும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பிறைச் சந்திரன் வடிவம், ஒரு கொம்பில் சின்னதாகச் சிவப்புக் கல். எனக்கு அது ஏதோ ஒரு டிசைன்.

"இத எங்க வாங்குனீங்க மாமா?"

"பாண்டிச்சேரில."

"தோடு?"

"எல்லாம் ஒரே கடைதான். உங்க அத்தைதான் செலக்ட் பண்ணா."

"அத்தையா?" என்றாள். தோட்டைத் திரும்பப் பெட்டியில் வைத்து, "சரி மாமா" என்றாள். பெட்டியைக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை மூடினாள். காலில் விழுவாள் என்று நினைத்தேன். விழவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கையசைத்தேன். விமானம் கிளம்பும் நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்து, ஏறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகத் திண்டிவனத்தில் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அவள் ஏறவில்லை. வேறு வாசல் வழியாக வெளியே வந்து பஸ் பிடித்து, எனக்கு முன்பே என் வீட்டுக்குப் போயிருக்கிறாள். தோட்டைக் காட்டி ஷோபனாவைக் கேட்டிருக்கிறாள். இதை நான் பார்த்ததே இல்லையே என்று ஷோபனா சொல்லிவிட்டாள். ஷோபனாவுக்குச் சமாளிக்கத் தெரியாது. அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவளுடைய புகாரை நீங்கள் படித்துக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. குவைத்தில் நகை வாங்கிய அன்றைக்குக் கலைச்செல்வி அவளுக்குப் போன் செய்திருக்கிறாள். உன் பேருக்கே ஒரு தோடு வாங்கியிருக்கிறேன், நிலா மாதிரியே இருக்கும், கொம்பில் சிவப்புக் கல் என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் குழந்தைக்குத் தன் அம்மா பொய் சொல்லவில்லை என்று பத்து வருடமாகத் தெரிந்திருக்கிறது. யாரும் அவளைக் கேட்கவில்லை. பதினோரு வயதுக் குழந்தையைக் கொலை வழக்கில் எதற்கு இழுக்க வேண்டும் என்று அப்போதிருந்த இன்ஸ்பெக்டரிடம் நானே கேட்டுக்கொண்டேன். அவளுடைய நன்மைக்காகத்தான்.

ஆக, நகையை எடுத்தது நான்தான். அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காவலர் சொன்னதை மாற்றிச் சொன்னதும், டிரைவர் பேச்சை எடுத்ததும் நான்தான். வேண்டுமானால் கோர்ட்டில் சொன்னதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மண்வெட்டியை நான் தொடவில்லை. நகையை எடை போட்டுப் பாருங்கள், நாற்பது கிராமில் ஒரு குன்றிமணி குறைந்திருக்காது. எனக்கு வேறு ஆசை இருந்திருந்தால் இத்தனை வருடம் அது அப்படியே இருந்திருக்குமா?

வேலை போனதுதான் வருத்தம். அந்த மருத்துவமனைக்கு நான் ஒரு மெயில் எழுதிப் போட்டால் இன்னொரு தேதி கொடுப்பார்கள். என் போனை ஐந்து நிமிடம் கொடுத்தீர்கள் என்றால் போதும்.

நிலா இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. கோபம் இருக்கத்தான் செய்யும், சின்னப் பெண். நாளைக்கோ மறுநாளோ வருவாள். வந்தால் வெளியே காக்க வைக்காதீர்கள் மேடம், ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். அம்மாவும் இல்லை, அப்பனும் இல்லை. அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?